கரையோர நீரும் வால்தர் நெர்ன்ஸ்ட்டும்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

தென்பெண்ணைக் கரையில் பிறந்தவன் நான். எங்கள் மணலூர்பேட்டையில் ஆண்டுதோறும் தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா நடைபெறும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்வார். சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் அன்று ஆற்று மணலில்தான் இருக்கும். நடு ஆற்றுக்குப் போகக் கூடாது, கரையோரத் தண்ணீர்தான் ஆளை இழுக்காது என்பது சிறு வயதில் என் ஆயா எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். நீர் ஓடும் ஆண்டுகளில் நானே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். நடுவே விழுந்த பூ கண்மூடித் திறப்பதற்குள் திருக்கோவிலூர்ப் பக்கம் போய்விடும். கரைக்கல்லை ஒட்டி விழுந்த பூவோ அங்கேயே தயங்கித் தயங்கி நிற்கும். ஆறு ஒன்றுதான், ஆனால் கல்லைத் தொடும் நீர் ஓடுவதில்லை.

இந்தக் கரையோர நீருக்கும் வேதியியலுக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இரண்டாம் ஆண்டில்தான் உணர்ந்தேன். அதுவும் ஒரு தோல்விக்குப் பிறகு.

ஆய்வகத்தில் பித்தளைத் தகட்டின்மேல் தாமிர முலாம் பூசும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டேன். பளபளக்க வேண்டிய தகட்டில் கறுத்த பொடி படிந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அந்தப் பருவத் தேர்விலும் மின்வேதியியல் தாளில் நான் தேறவில்லை. நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்ற பெயரைக் கேட்டாலே வெறுப்பு வந்தது. படிப்பை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் கவரிங் நகைகளுக்கு முலாம் போடும் என் மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்து, விடுமுறையில் அவர் பட்டறைக்குப் போனேன்.

அங்கே நான் கண்டது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. மாமா நகைகளைக் கம்பியில் கோத்து முலாம் தொட்டியில் இறக்கியபின் சும்மா விடுவதில்லை. தொட்டிலை ஆட்டுவதுபோல் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஆட்டாவிட்டால் முலாம் கருகிவிடும், அவ்வளவுதான் தெரியும் என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அவர் கைக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குத் திரும்பி ஆசிரியரிடம் கேட்டபோது, அந்தக் கேள்விக்கு முதலில் கணக்காக விடை சொன்னவர் நான் வெறுத்த அதே நெர்ன்ஸ்ட்தான் என்று சொன்னார். அன்றுதான் சமன்பாட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. அவரைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நீதிபதியின் மகன்

வால்தர் நெர்ன்ஸ்ட் 1864ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் பிரஷ்யாவின் பிரீசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் நீதிபதி. பள்ளிப் பருவத்தில் கவிஞராக வேண்டும் என்பதே நெர்ன்ஸ்ட்டின் கனவாக இருந்ததாம். கவிதை நழுவியது, அறிவியல் பற்றிக்கொண்டது. சூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் எனப் பல பல்கலைக்கழகங்களில் இயற்பியல் பயின்றார். வூர்ஸ்பர்க்கில் கோல்ராஷ் அவர்களிடம் 1887இல் முனைவர் பட்டம் பெற்றார். கரைசல்களின் மின்கடத்தும் திறனை அளப்பதில் கோல்ராஷ் அக்காலத்தில் நிகரற்றவர். அதே ஊரில்தான், உப்பு நீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று கூறிப் பலருடைய ஏளனத்தைப் பெற்றிருந்த இளைஞர் அர்ரீனியசின் நட்பும் கிடைத்தது. பிறகு லைப்சிக் நகரில் ஆஸ்வால்டின் உதவியாளரானார்.

1888இல் அவர் ஓர் அரிய உண்மையை நிறுவினார். உப்பு ஒன்று நீரில் விரவும் வேகத்தை, அதன் அயனிகள் மின்புலத்தில் நகரும் வேகத்தைக் கொண்டே கணக்கிடலாம் என்பதே அது. அடுத்த ஆண்டே, நாம் அனைவரும் மனப்பாடம் செய்யும் சமன்பாடு வந்தது. மின்கலம் தரும் மின்னழுத்தத்திற்கும் கரைசலின் செறிவுக்கும் உள்ள உறவைச் சொல்லும் சமன்பாடு. அப்போது அவருக்கு வயது 25. நம் வகுப்பில் பலருக்கு இன்னும் ஐந்தாண்டுகளில் அந்த வயது வந்துவிடும்!

அயனிக்கு மூன்று வழிகள்

இங்கே சற்று நின்று, என் கறுத்த தகட்டுக்குத் திரும்புவோம். தாமிர சல்பேட் கரைசலில் எதிர்மின்வாயாக ஒரு தகட்டை வைத்து மின்னோட்டம் செலுத்தினால், தகட்டை அடையும் தாமிர அயனிகள் எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகப் படிகின்றன. படிந்தவற்றின் இடத்திற்குப் புதிய அயனிகள் வந்து சேர வேண்டும். எப்படி வரும்? மூன்றே வழிகள்தாம். மின்புலம் இழுத்து வருவது ஒன்று. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத் தானாக விரவி வருவது இன்னொன்று. நீரே நகர்ந்து, தன்னோடு அயனிகளைச் சுமந்து வருவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் சலனம் என்கிறோம். அடுப்பில் பானை நீர் கீழிருந்து மேலாகச் சுழல்வதை வெப்பச் சலனம் என்று பள்ளியில் படித்தோமே, அதே இனம்தான். கரண்டியால் கலக்கினாலும் சலனம், பம்பு வைத்துச் செலுத்தினாலும் சலனம்.

மின்புலத்தின் இழுப்பைப் பெரிதாக நம்ப முடியாது. முலாம் தொட்டியில் கந்தக அமிலம் போன்ற வேறு மின்பகுளிகளும் சேர்க்கப்படுவதால், மின்னோட்டத்தைச் சுமக்கும் வேலையில் பெரும்பங்கை அவற்றின் அயனிகளே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது விரவலும் சலனமும். விரவல் எவ்வளவு மெதுவானது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது திகைத்துப்போனேன். நீரில் ஓர் அயனி விரவல் ஒன்றை மட்டுமே நம்பி 1 சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். ஆனால் 0.05 மில்லிமீட்டர் தூரம் என்றால் ஒன்றேகால் வினாடி போதும். தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதுதான் இதன் இரகசியம். ஆகவே தொட்டியின் நடுவிலிருந்து தகட்டின் அருகுவரை அயனியைக் கொண்டுவந்து சேர்ப்பது சலனத்தின் வேலை. கடைசி அடியை எடுத்து வைப்பது மட்டுமே விரவலின் வேலை.

1904ஆம் ஆண்டுக் கணக்கு

அந்தக் கடைசி அடி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் நெர்ன்ஸ்ட். அப்போது அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இயற்பிய வேதியியலுக்கும் மின்வேதியியலுக்கும் தனி நிறுவனம் ஒன்றை அங்கே உருவாக்கி நடத்திவந்தார். அதற்கு முன்பே 1897இல் அமெரிக்காவில் நாய்ஸ், விட்னி என்னும் இருவர், பென்சாயிக் அமிலத்தையும் காரீயக் குளோரைடையும் உருளைகளாக்கி நீரில் சுழற்றிக் கரையும் வேகத்தை அளந்திருந்தனர். நெர்ன்ஸ்ட் அதை விரித்து, திண்மமும் நீர்மமும் சந்திக்கும் இடத்தில் நிகழும் வினைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு விளக்கத்தை 1904இல் வெளியிட்டார். அவருடைய மாணவர் புரூனர் அதற்கான சோதனைகளைச் செய்தார்.

நெர்ன்ஸ்ட்டின் கருத்து எங்கள் ஆற்றங்கரையைப் போலவே எளியது. கரைசலை எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும், திண்மத்தை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் நிற்கிறது என்று கொள்வோம். அந்தப் படலத்திற்கு வெளியே எல்லா இடத்திலும் செறிவு ஒன்றே. படலத்திற்குள் விரவல் மட்டுமே நடைபெறும். பரப்பை அடைந்த அயனி உடனே வினைபட்டுவிடும். அப்படியானால் வினையின் வேகத்தை முடிவு செய்வது அந்தப் படலத்தின் தடிமன் ஒன்றே. கலக்கும் வேகம் கூடினால் படலம் மெலியும். படலம் மெலிந்தால் வேகம் கூடும்.

இதை எண்களில் பார்த்தால்தான் இதன் வலிமை புரியும். லிட்டருக்கு 0.1 மோல் தாமிர அயனி உள்ள கரைசல் கலக்கப்படாமல் இருக்கும்போது படலம் சுமார் 0.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது எனக் கொள்வோம். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில் விரவல் தாங்கக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 2.7 மில்லிஆம்பியர்தான். நன்கு கலக்கிப் படலத்தை 0.05 மில்லிமீட்டராக மெலியவைத்தால் அது 27 மில்லிஆம்பியராக உயரும். அதே கரைசல், அதே தகடு. பத்து மடங்கு வேறுபாடு! இந்த எல்லையை மீறி மின்னோட்டத்தைத் திணித்தால் பரப்பின் அருகே அயனிகளுக்குப் பஞ்சம் ஏற்படுகிறது. உலோகம் ஒழுங்காகப் படிய வழியின்றிப் பொடியாகவும் கிளையாகவும் படிகிறது. என் தகடு கறுத்ததன் காரணம் இதுவே. நான் கலக்கவும் இல்லை, பொறுக்கவும் இல்லை.

கலக்காத கரைசலில் படலம் முடிவின்றித் தடித்துக்கொண்டே போகாமல் இருப்பதற்கும் சலனமே காரணம். எதிர்மின்வாயின் அருகே தாமிரம் குறைந்த கரைசல் இலேசாகி மேலே எழுகிறது. நேர்மின்வாயின் அருகே தாமிரம் மிகுந்த கரைசல் கனத்துக் கீழே இறங்குகிறது. விளக்கொளியில் உற்றுநோக்கினால் நேர்மின்வாயிலிருந்து நீலக் கோடுகள் வழிந்து இறங்குவதைக் காணலாம். யாரும் கலக்காவிட்டாலும் இயற்கை சிறிது கலக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

விளக்கும் வெப்பவிதியும்

நெர்ன்ஸ்ட் ஏட்டறிவோடு நின்றவர் அல்லர். 1897இல் உலோக ஆக்சைடுகளால் ஆன கம்பியைச் சூடாக்கி ஒளிரச் செய்யும் மின்விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை ஜெர்மன் மின்சார நிறுவனம் ஒன்றுக்குப் பெருந்தொகைக்கு விற்றார். டங்ஸ்டன் இழை விளக்கு வந்ததும் அவ்விளக்கு வழக்கொழிந்தது. ஆயினும் அகச்சிவப்பு நிறமாலைமானிகளில் ஒளி மூலமாக அவர் பெயரோடே நெடுங்காலம் வாழ்ந்தது. கிடைத்த பணத்தில் மோட்டார் வண்டிகள் வாங்கி ஓட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம்.

1905இல் பெர்லினுக்குச் சென்றார். வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என்று நாம் படிக்கும் விதி, 1906இல் வெளிவந்த அவருடைய வெப்பத் தேற்றத்திலிருந்து பிறந்ததே. 1920ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இத்துறைப் பணிக்காகவே வழங்கப்பட்டது. 1911இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய முதல் சால்வே மாநாட்டுக்கு வித்திட்டவரும் அவரே. 1913இல் பிளாங்க்குடன் சூரிச் சென்று ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு அழைத்தவரும் அவரே. தேங்கிக் கிடந்த கரைசலைக் கலக்கும் கை எதைச் செய்யுமோ, அதை அவர் அக்கால அறிவியல் உலகில் செய்தார். எங்கோ இருந்த அறிஞர்களை ஒருவரையொருவர் தொடும் தூரத்திற்குக் கொண்டுவந்தார்.

போரும் இழப்பும்

இத்தகைய மனிதரின் வாழ்வில் நாம் போற்ற முடியாத பக்கமும் உண்டு. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஐம்பது வயதில் தம் மோட்டார் வண்டியோடு படைக்குத் தொண்டாற்றப் புறப்பட்டார். எதிரிப் படையினரை எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களைத் தேடும் பணியிலும் ஈடுபட்டார். அறிவு போருக்கு வேலைக்காரனானால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள். இருவரையும் அந்தப் போர் பலிகொண்டது.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். நெர்ன்ஸ்ட்டின் மூன்று மகள்களில் இருவர் யூதர்களை மணந்தவர்கள். அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இனவெறி ஆட்சிக்கு அவர் தலைவணங்கவில்லை. அதே ஆண்டு ஓய்வு பெற்று, சிபெல் என்னும் ஊரிலிருந்த தம் பண்ணைக்கு ஒதுங்கினார். அங்கே குளத்தில் கெண்டை மீன் வளர்த்தார். மீனை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். ஆடுமாடுகள் தம் உடல் சூட்டால் உலகையெல்லாம் வெப்பப்படுத்திக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள நீரோடு ஒரே வெப்பநிலையில் வாழும் மீனுக்குத் தீனி போட்டால் பணம் வீணாகாது என்று அவர் கணக்குப் போட்டாராம்! 1941ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அங்கேயே மறைந்தார். மகன்கள் மண்ணில், மகள்கள் அயல்நாட்டில், தாம் கட்டிய அறிவியல் மன்றம் சிதறிப்போன நிலையில் அந்த முடிவு வந்தது. இன்று அவர் கோட்டிங்கன் நகரக் கல்லறையில், பிளாங்க் உறங்கும் அதே வளாகத்தில் உறங்குகிறார்.

படலத்தைத் திருத்தியவர்

அவர் மறைந்த மறு ஆண்டே அவருடைய படலத்திற்கு ஒரு திருத்தம் வந்தது. 1942இல் சோவியத் நாட்டைச் சேர்ந்த லெவிச் என்ற இளம் அறிஞர், பாய்மங்களின் இயக்கவிதிகளைக் கொண்டு சுழலும் வட்டத்தகட்டைக் கணக்கிட்டார். அசையாத படலம் என்று தனியே ஒன்று இல்லை என்பது தெளிவாயிற்று. பரப்பைத் தொடும் இடத்தில் மட்டுமே நீர் பரப்போடு ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து விலக விலக வேகம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. எங்கள் ஆற்றிலும் அப்படித்தான். நின்ற நீருக்கும் ஓடும் நீருக்கும் இடையே கோடு போட்டுக் காட்ட முடியாது. விரவலே மேலோங்கி நிற்கும் பகுதி, பரப்பினால் வேகம் தடைபட்ட நீரடுக்கில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் என்றும் லெவிச்சின் கணக்கு காட்டுகிறது. நிமிடத்திற்கு 1000 சுற்று சுழலும் தகட்டில் அப்பகுதியின் தடிமன் சுமார் 0.016 மில்லிமீட்டர். சுழற்சி வேகத்தை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் இரு மடங்காகும் என்ற அழகிய விதியும் இதிலிருந்து கிடைத்தது.

இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. பரப்பை அடைந்ததும் அயனி உடனே வினைபடும் என்று நெர்ன்ஸ்ட் கொண்டது எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. பரப்பில் நிகழும் வினையே மந்தமாக இருந்தால், எவ்வளவு கலக்கினாலும் மின்னோட்டம் உயராது. இன்று ஆய்வாளர்கள் தகட்டை வெவ்வேறு வேகங்களில் சுழற்றிப் பார்ப்பதே, தாமதம் வழியிலா வாசலிலா என்று அறிவதற்காகத்தான்.

அப்படியானால் நெர்ன்ஸ்ட் தவறிவிட்டாரா? நான் அப்படி எண்ணவில்லை. பாடநூல்கள் இன்றும் அதை நெர்ன்ஸ்ட் விரவல் படலம் என்றே அழைக்கின்றன. உண்மையை முழுவதும் அறியும்வரை வாய்மூடி இராமல், கணக்கிடத்தக்க ஓர் எளிய படத்தை வரைந்து, பின்னால் வருபவர் திருத்துவதற்கு இடம் விட்டுச் சென்றார். அறிவியல் இப்படித்தான் நடக்கிறது.

நம் காரைக்குடி

இந்தக் கலை அயல்நாட்டோடு நின்றுவிடவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1948 சூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். முலாம் பூச்சு, உலோக அரிப்பு, மின்கலம் எனப் பல துறைகளில் அங்கே ஆய்வு நடைபெறுகிறது. மின்வாயை அயனி எவ்வாறு வந்தடைகிறது என்ற கேள்வி இவற்றில் எதையும் விட்டுவைப்பதில்லை. நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது அந்நிறுவனம்.

மாணவ நண்பர்களே! நான் அந்தத் தாளை மறுமுறை எழுதித் தேறினேன். தாமிர முலாமையும் மறுபடி செய்தேன். மின்னோட்டத்தைக் குறைத்து, கண்ணாடித் தண்டால் விடாமல் கலக்கியபோது, செம்பொன் நிறத்தில் தகடு ஒளிர்ந்தது. அதை மாமாவிடம் எடுத்துச் சென்று, அவர் கை ஓயாமல் ஆடுவதன் காரணத்தைத் தமிழிலேயே விளக்கினேன். கரையோரத் தண்ணீர் உவமையைச் சொன்னதும் அவருக்கு நொடியில் புரிந்துவிட்டது. பிறகு தொட்டியில் நகையை ஆட்டிக்கொண்டே, இவ்வளவு காலமும் காரணம் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று சிரித்தார். பட்டறைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த என்னைப் படித்து முடித்துவிட்டு வா என்று அவரே திருப்பி அனுப்பினார்.

நம்மில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். அறிவு எங்கோ நடு ஆற்றில் வேகமாக ஓடுகிறது, நாம் கரையோரத்தில் நிற்கிறோம் என்று சோர்ந்துபோகும் நாள்கள் நமக்கு உண்டு. நமக்கும் அதற்கும் இடையே உள்ள படலம் மெல்லியதே. கேள்வி கேட்டுக் கலக்கக் கலக்க அது இன்னும் மெலியும். கடைசி அடியை மட்டும் நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.